வாழைக்கு ஒரு ஸ்வெட்டர்

நவம்பர் கடைசியில் தெற்கு இங்கிலாந்துப் பக்கம் போகிறவர்கள், இருட்டிய பிறகு யார் வீட்டுத் தோட்டத்தையும் எட்டிப் பார்க்காமல் இருப்பது நல்லது. ஆள் உயரத்துக்கு மேல் ஓர் உருவம் நிற்கும். உடம்பெல்லாம் கோணி, கோணிக்குள் வைக்கோல், தலையில் கவிழ்த்த வாளி. கை கால் கிடையாது. நகராது. கூப்பிட்டால் பேசாது. ஏதோ பில்லி சூனிய விவகாரம் என்று அலற வேண்டாம். உள்ளே இருப்பது வாழைமரம். குளிருக்குப் போர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள்.

நம் ஊரில் வாழைக்கு இந்த மரியாதை கிடையாது. குலையோடு வெட்டிக் கொண்டுவந்து கல்யாண வாசலில் இரண்டு பக்கமும் கட்டுவோம். முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளை கார் ஏறுவதற்குள் பூவை ஒருத்தர், தண்டை ஒருத்தர், இலையை ஆடு என்று பாகப்பிரிவினை நடந்து முடிந்திருக்கும். காற்றில் சாய்ந்தால் ஒரு கழியை முட்டுக் கொடுப்போம், அதோடு சரி. அங்கே என்னடாவென்றால், சாப்பிடப் பழமே தராத ஒரு வாழைக்கு அக்டோபரிலிருந்து மே மாதம் வரை ராஜ உபசாரம்.

இதை அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் எதிர் ஸீட்டில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். ஃபைலிலிருந்து தலையை எடுக்காமலே கேட்பார்: "இதுல என்ன ஸார் லாபம்?"

நியாயமான கேள்வி. பி.காம். படித்தவர்களுக்கு ஆண்டவன் கொடுத்திருப்பதே அந்த ஒரு கேள்விதான். ஆகவே கணக்கு எழுதியே பார்த்துவிடலாம்.

முதலில் வாழை என்கிற கம்பெனியின் அமைப்பு. வாழை மரமே இல்லை என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்த விஷயம். நாம் மரம் என்று சொல்வது ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்ட மட்டைகளின் கட்டு. குலை தள்ளிய வாழையாக இருந்தால் மட்டும், மட்டைகளை உரித்துக்கொண்டே போனால் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு கிடைக்கும். பொரியலுக்கு ஆகும் அந்தத் தண்டு, பூவைச் சுமந்துகொண்டு கீழேயிருந்து மேலே வருகிற காம்பு. குலை தள்ளாத வாழையில் அதுவும் இல்லை, உரித்தால் கடைசி வரை மட்டைதான். நிஜமான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. வளரும் முனை அங்கே, தரை மட்டத்தை ஒட்டி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதாவது ஹெட் ஆபீஸ் கீழே. மேலே பச்சைப் பசேல் என்று ஆடுவதெல்லாம் ஷோரூம்.

இந்த ஷோரூமில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அதுதான் வில்லங்கமே. இரவில் வெப்பம் 0 டிகிரியைத் தொட்டால் மறுநாள் காலை இலையெல்லாம் வெந்நீரில் போட்டெடுத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். இன்னும் நாலைந்து டிகிரி கீழே போனால் மட்டைகளுக்குள் இருக்கும் தண்ணீரும் உறையும். ஃப்ரீஸரில் மறந்துபோய் வைத்த ஸோடா பாட்டிலுக்கு என்ன ஆகும்? அதேதான். உறைந்த தண்ணீர் அதிக இடம் கேட்கும், செல்கள் கிழியும். பிறகு வெயில் வந்து உருகும்போது, நேற்று வரை விறைப்பாக நின்றது களியாகச் சரிந்துவிடும்.

ஆனால் ஹெட் ஆபீஸ் அவ்வளவு சுலபத்தில் மூடப்படுவதில்லை. அதிலும் 'மூஸா பாஸ்ஜூ' என்று ஒரு வகை. பிறந்த ஊர் சீனா. ஐரோப்பாவுக்கு வந்தது ஜப்பான் வழியாக என்பதால் ஜப்பான் வாழை என்றே பெயராகிவிட்டது. மேலே கனமாக மூடாக்குப் போட்டுவிட்டால், வெளியே மைனஸ் 15 டிகிரி அடித்தாலும் இதன் கிழங்கு உள்ளே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். நம் சிக்கிம் மலைப் பக்கத்து 'மூஸா சிக்கிமென்ஸிஸ்' என்பதும் குளிர் தாங்கும் ஜாதி. இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் விரும்பி வளர்க்கிறார்கள். பூவனையும் ரஸ்தாளியையும் அங்கே திறந்த வெளியில் நட்டுவிட்டு வந்தால், அடுத்த வருஷம் போய்த் தேட வேண்டியதில்லை.

குளிர் தேசத்தில் வாழை வளர்க்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. ஆரம்பத்தில் அது பணக்காரர்களின் ஆசை. செடி கொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டி உலகத்துக்கே தாவர ரிஜிஸ்தர் போட்ட லின்னேயஸ், 1736-ல் ஹாலந்தில் கிளிஃபோர்ட் என்ற பாங்கரின் கண்ணாடி வீட்டில் ஒரு வாழையைப் பூக்க வைத்தார். சில வாரம் தண்ணீரே காட்டாமல் காயப்போட்டார். பிறகு மழைக்காலம் வந்துவிட்டது போலத் தாராளமாக ஊற்றினார். வாழை ஏமாந்து, பூவைத் தள்ளிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார் மனிதர்.

அதற்கு நூறு வருஷம் கழித்து, இங்கிலாந்தில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1835 நவம்பரில் இதே மாதிரி கண்ணாடி வீட்டுக்குள் ஒரு குட்டை வாழையைப் பூக்க வைத்தார். அவருடைய முதலாளி டெவன்ஷைர் பிரபு. குடும்பப் பெயர் கேவண்டிஷ். பாக்ஸ்டன் யோசிக்கவே இல்லை, வாழைக்கு முதலாளியின் குடும்பப் பெயரை வைத்துவிட்டார். முதலாளியைக் குளிர வைக்கும் வித்தை அப்போதே முழு வளர்ச்சி அடைந்திருக்கிறது! இன்று டீக்கடையில் தாராகத் தொங்கும் பச்சைப் பழம், ரொபஸ்டா, ஜி-9 எல்லாமே கேவண்டிஷ் வகையறாதான்.

கண்ணாடி வீடு, அதைச் சூடாக வைக்க ராத்திரி பகலாக நிலக்கரி, நிலக்கரி தள்ள ஆள். இதெல்லாம் பிரபுக்களுக்குச் சரி. ஒன்பது மணிக்கு ரயில் பிடித்து வேலைக்குப் போகிற சாதாரண ஆசாமி என்ன செய்வான்? அவனுக்கு மூன்று வழி இருக்கிறது. மூன்றும் மூன்று விதமான கணக்கு.

முதல் வழி, நஷ்டக் கணக்கு எழுதிவிடுவது. இலை கறுத்ததும் மரத்தைத் தரையோடு வெட்டி, கிழங்குக்கு மேல் முழங்கால் உயரத்துக்குச் சருகோ வைக்கோலோ குவித்துவிட வேண்டியது. அரை நாள் வேலை. கிழங்கு பிழைக்கும். வசந்த காலத்தில் முளைக்கும். செப்டம்பருக்குள் இரண்டு மீட்டர் வரை வந்துவிடும். வந்ததும் மறுபடி வெட்டு. ஒவ்வொரு வருஷமும் ஓபனிங் பாலன்ஸ் பூஜ்யம். வாழைக்கு என்றைக்குமே ஒன்றாம் கிளாஸ்தான்.

ஏன் பாஸாகாது என்றால், வாழை குலை தள்ளுவதற்கு முன்னால் முப்பது, நாற்பது இலை விட்டாக வேண்டும். இலைதான் அதன் சம்பாத்தியம். நம் ஊரில் பனிரெண்டு மாதமும் கடை திறந்திருக்கிறது, நட்ட வருஷமே குலை. அங்கே சுமார் 14, 15 டிகிரிக்குக் கீழே போனதும் பெரும்பாலான வாழைகள் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். வியாபாரம் ஐந்து மாதம், கதவடைப்பு ஏழு மாதம். ஐந்து மாதச் சம்பாத்தியத்தில் குலை தள்ள முடியாது.

ஆகவே இரண்டாவது வழி. போன வருஷ உயரத்தை இந்த வருஷத்துக்குக் கொண்டுவருவது. அக்கவுன்ட்ஸ் பாஷையில் கேரி ஃபார்வர்டு. கோணி, வைக்கோல், வாளி எல்லாம் இதற்குத்தான்.

செய்முறை இது. அவசரப்பட்டு அக்டோபர் முதல் தேதியே போர்த்தக் கூடாது. பச்சை இலை இருக்கிற வரை கிழங்குக்குக் கொஞ்சம் சேமிப்பு போய்க்கொண்டே இருக்கும். முதல் லேசான உறைபனி விழுந்து இலை கறுக்கட்டும். பிறகு இலைகளை மட்டும் வெட்டிவிட்டு, மரத்தை நிற்க விட வேண்டும். சுற்றி நாலு கழி நட்டு, கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலையை வளைத்துக் கட்டி, வலைக்கும் மரத்துக்கும் நடுவில் காய்ந்த வைக்கோலையோ சருகையோ திணிக்க வேண்டும். காய்ந்த பெரணி இலையும் போடுவார்கள். மேலே மழை இறங்காமல் ஒரு மூடி. அதுதான் அந்த வாளி.

மூடி ரொம்ப முக்கியம். வெட்டுப்பட்ட வாழை ஒரு புனல் மாதிரி. மேலே விழும் மழைத் தண்ணீர் நேராகக் குருத்துக்குள் இறங்கி, அங்கேயே நின்று, அழுகலை ஆரம்பித்து வைக்கும். இங்கிலாந்தில் குளிர் சாகடித்த வாழைகளைப் போலவே ஈரம் சாகடித்த வாழைகளும் உண்டு. அதற்காக உச்சி முதல் பாதம் வரை பிளாஸ்டிக் ஷீட் சுற்றிக் கட்டினாலும் ஆபத்து. உள்ளே வேர்த்துக் கொட்டும், வேர்வையிலேயே அழுகும். தலைக்கு மேல் பிளாஸ்டிக், உடம்புக்குக் கோணி. டூவீலரில் மழையில் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ரெயின்கோட்டுக்குள் நனைவது என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஒரு சந்தேகம் வரலாம். நமக்குப் போர்த்தினால் சரி, வாழைக்குப் போர்த்தி என்ன பிரயோஜனம்? போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கிற சூட்டைப் போகாமல் காக்கிறது, அவ்வளவுதான். நம் உடம்பு 37 டிகிரி ஹீட்டர். வாழைக்கு அந்த வசதி இல்லையே?

வாழையின் ஹீட்டர் பூமி. வெயில் காலம் முழுக்க வாங்கி வைத்த சூட்டை மண் சட்டென்று விட்டுவிடாது. மேலே காற்று மைனஸில் வீசும்போதும் ஓரிரு அடி ஆழத்தில் மண் உறையாமல் இருக்கும். அந்தச் சூடு மெல்ல மேலே ஏறி வரும். அதை வைக்கோலுக்குள் சிக்கிய காற்று பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே போர்வை மரத்தைச் சுற்றினால் மட்டும் போதாது. தரையில் அகலமாகப் பரவி, மண்ணோடு இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். இது புரிந்துவிட்டால், தொட்டியில் வைத்த வாழைக்கு எத்தனை கம்பளி சுற்றினாலும் வெளியே நின்றால் ஏன் செத்துப்போகிறது என்பதும் புரியும். தொட்டிக்குக் கீழே பூமி இல்லை. ஹீட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு ரூம் கதவைச் சாத்தி என்ன பயன்?

ஒரே ஒரு அசௌகரியம் எலி. கதகதப்பு, வைக்கோல் மெத்தை, மேலே கூரை. வாடகை இல்லாமல் நாலு மாதம். வாழைக்குக் கட்டிய சத்திரத்தில் முதலில் குடியேறுவது அதுதான்.

மூன்றாவது வழி, குடியோடு இடம் மாற்றுவது. 'அபிசீனிய வாழை' என்று ஒன்று உண்டு. வாழைக்குப் பெரியப்பா பையன், பேர் 'என்ஸெட்டே'. எத்தியோப்பியாவில் இதன் கிழங்கும் மட்டையும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சாப்பாடு. ஐரோப்பாவில் அதன் ஒயின் நிறச் சிவப்பு இலைக்காக ஒரு ரகத்தை வளர்க்கிறார்கள். பார்க்க மகாராணி. குளிரில் சுத்தமாக உதவாது. பக்கக்கன்றும் விடாது. ஒன்று போனால் போனதுதான்.

இதை உறைபனிக்கு முன்பே வேர்க்கட்டோடு தோண்டி எடுக்கிறார்கள். குருத்தை மட்டும் விட்டு இலைகளை அரிந்துவிட்டு, சில நாட்கள் தலைகீழாக நிறுத்தி வைக்கிறார்கள். மட்டை இடுக்குகளில் இருக்கும் தண்ணீரெல்லாம் வடிய வேண்டுமே! இந்தச் சிரசாசனம் முடிந்த பிறகு, உறைந்து போகாத ஒரு ஷெட்டில், 5-லிருந்து 10 டிகிரிக்குள், வசந்தம் வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. வட அமெரிக்காவில் வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்ட்டே இதற்குப் போதும். பழைய பெட்டி, உடைந்த சைக்கிள், பக்கத்தில் சாய்ந்து தூங்கும் வாழை. டொரண்டோவில் அக்டோபர் வந்ததும் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் இழுத்துவிடும் நம்மவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, கட்டியாயிற்று. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. இந்த மூன்று மாதம் தோட்டக்காரனுக்கு இருப்பது ஒரே வேலை. ஒன்றும் செய்யாமல் இருப்பது.

கேட்கச் சுலபம். உள்ளே உயிர் இருக்கிறதா என்று தெரியாது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் திறந்தால் சேர்த்து வைத்த சூடு போய்விடும். சாகவில்லையே என்று பார்ப்பதாலேயே செத்துப்போகலாம். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, தகவல் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போன பெண் வீட்டாரின் போனுக்குக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். நாமாக போன் செய்தால் கெட்டது, செய்யாமல் இருந்தால் தூக்கம் போனது.

2010 டிசம்பரில் பிரிட்டனில் அடித்த குளிர், அந்த நாடு 1910-லிருந்து வைத்திருக்கும் கணக்கில் எந்த டிசம்பரிலும் இல்லாத குளிர். அந்த மாதிரி மாதத்தில் ஜன்னலுக்கு வெளியே கோணிப்பையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

இந்தப் பரீட்சையில் பலர் தோற்பது குளிர்காலத்தில் அல்ல, வசந்த காலத்தில். மார்ச்சில் நாலு நாள் வெயில் சேர்ந்தாற்போல் அடிக்கும். பறவை பாடும். பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கை சட்டையில் வருவார். உடனே நம் ஆள் உணர்ச்சிவசப்பட்டு எல்லாவற்றையும் அவிழ்த்து எறிவார். ஏழாம் நாள் ராத்திரி வானம் துல்லியமாகத் தெளிந்து, நட்சத்திரமெல்லாம் மின்னி, மைனஸ் மூன்று. குளிர்காலம் முழுக்கத் தப்பித்த குருத்து ஒரே ராத்திரியில் போகும். அங்கே மே மாதத்தில்கூட உறைபனி விழுவதுண்டு.

விவரம் தெரிந்தவர்கள் கட்டை ஒரே நாளில் அவிழ்ப்பதில்லை. ஏப்ரலில் மூடியைத் திறந்து கொஞ்சம் காற்று. பிறகு மேல் பாதி வைக்கோல். அதுவும் மப்பும் மந்தாரமுமான நாளாகப் பார்த்து. நாலு மாதம் இருட்டில் இருந்ததை நேராக வெயிலில் நிறுத்தினால் கருகும். எடுத்த வைக்கோலையும் எறிந்துவிடாமல், ராத்திரி ரேடியோவில் பனி என்றால் மறுபடி போர்த்த வசதியாகப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள்.

திறந்ததும் தெரிவது கண்ணுக்கு அழகான காட்சி அல்ல. பழுப்பாக, சொதசொதவென்று, லேசான புளித்த வாடையோடு ஒரு கட்டை. செத்துப்போச்சு என்று தோன்றும். இங்கேதான் கத்தி வேண்டும். மேலேயிருந்து ஓர் அங்குலம், இரண்டு அங்குலமாகச் சீவிக்கொண்டே வர வேண்டும். பழுப்பு... பழுப்பு... இன்னும் பழுப்பு... சட்டென்று ஓர் இடத்தில் கத்திக்குக் கெட்டியாகத் தட்டும். வெள்ளை வளையங்கள், நடுவில் இளம்பச்சைப் பொட்டு. உயிர்! அது எந்த உயரத்தில் கிடைக்கிறதோ, அதுதான் இந்த வருஷத்து ஓபனிங் பாலன்ஸ். ஐந்தடியில் கிடைத்தால் கொண்டாட்டம். தரை வரை சீவியும் கிடைக்காவிட்டால் கிழங்கை விட்டுவைத்துக் காத்திருக்க வேண்டும். ஜூன் வரை முளைக்காமல் இருந்துவிட்டு, எல்லோரும் கைவிட்ட பிறகு பக்கத்தில் மூக்கை நீட்டுகிற கிழங்குகள் உண்டு.

வாழைத்தோப்பில் வளர்ந்தவர்களுக்கு அடுத்தது தெரிந்திருக்கும். வாழையை வெட்டிவிட்டு ஒரு காபி குடித்து வருவதற்குள் நடுக்குருத்து விரற்கடை மேலே வந்திருக்கும். அதே வித்தைதான் அங்கேயும், கொஞ்சம் ஆமை வேகத்தில். அந்த முதல் இலை விரியும்போது பாருங்கள், நுனி இருக்காது. ஸ்கேல் வைத்து அறுத்த மாதிரி நேராக இருக்கும். இலையாக விரியுமுன் சுருளாக மரத்துக்குள் இருந்தபோது பட்ட வெட்டு அது. இரண்டு மூன்று இலை அப்படி வந்த பிறகுதான் முழு இலை வரும்.

உள்ளே தூங்கியவர்களை எழுப்புவதும் இப்போதுதான். தொட்டியில் இருப்பதற்கு மார்ச், ஏப்ரல் வாக்கில் வெளிச்சமும் கொஞ்சம் சூடும் காட்டி, தண்ணீரைக் கணக்காக ஆரம்பிக்க வேண்டும். இலை இல்லாத வாழைக்குப் பாசத்தோடு குடம் குடமாக ஊற்றினால் குடிக்க ஆள் இல்லை, வேர்தான் அழுகும். வேர் விட்டு, அரை மீட்டர் வரை வளர்ந்த பக்கக்கன்றுகளைப் பிரித்து நடுவதற்கும் இதுவே சமயம். நம் ஊரில் தேர்ந்தெடுக்கும் அதே ஈட்டிக் கன்று, ஒல்லி இலையும் பருத்த அடியும் உள்ளது, அங்கேயும் நன்றாகப் பிழைக்கிறது.

ஆனால் மண்ணில் இறக்குவது மே கடைசியில்தான். நமக்கு ஆடிப்பட்டம் மாதிரி அவர்களுக்கு செல்ஸீ மலர்க் கண்காட்சி. லண்டனில் மே மூன்றாவது வாரத்தை ஒட்டி நடக்கும். அது முடிகிற சமயம்தான் குளிர் தாங்காத செடிகளை வெளியே நடுவது என்பது ஊரறிந்த வழக்கம். அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து நாள் ப்ரொபேஷன் உண்டு. பகலில் தொட்டியை நிழலான இடத்தில் வெளியே வைப்பது, ராத்திரி உள்ளே. பிறகு கொஞ்சம் வெயில். பிறகு கொஞ்சம் காற்று. இதைச் செய்யாமல் நேராக வெயிலில் வைத்தால், வீட்டுக்குள் விட்ட இலையெல்லாம் காகிதம் மாதிரி வெளுத்துவிடும். மண் குளிர்ந்திருக்கும்போதே நட்டால் இன்னும் மோசம், வேர் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்து அழுகும். இரண்டு வாரம் முந்தி நட்டவருடைய வாழை ஜூலையில் பார்த்தால், பிந்தி நட்டவருடைய வாழைக்குப் பின்னால் நிற்கும். வெயில் படும், காற்று அடிக்காத மூலை, தொழு உரம், நிறையத் தண்ணீர். அப்புறம் வாழையே பார்த்துக்கொள்ளும்.

இப்படி இரண்டு, மூன்று குளிர்காலம் போர்த்திப் போர்த்தி, பாஸ்ஜூ ஒரு வழியாகப் பூ தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவே வந்து பார்க்கும். பூ விரியும், விரல் நீளத்துக்குப் பச்சையாகக் காய் வரும். தின்ன முடியாது. உள்ளே கொஞ்சம் சதை, மிச்சமெல்லாம் விதைக்கான இடம். பூ தள்ளிய மரம் அதோடு தன் ஆயுசை முடித்துக்கொள்ளும் என்பது நமக்கே தெரியும். ஆக, மூன்று வருஷம் காப்பாற்றியதற்குப் பரிசு, காப்பாற்றிய மரமே போய்ச் சேர்வது!

வரவு: நில். செலவு: வைக்கோல், கம்பி வலை, கோணி, முதுகுவலி. எதிர் ஸீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார் போலிருக்கிறது.

அவசரப்பட வேண்டாம். இரண்டு பேரை விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

முதல் ஆள் ஜப்பானியர். 1681-ல் எதோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) ஒதுக்குப்புறத்தில் குடிசை போட்டுக்கொண்டு இருந்த கவிஞர். சீடர் ஒருவர் ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து கொடுக்க, வாசலில் நட்டார். வாழை வளர்ந்தது. ஜப்பானிய மொழியில் அந்த வாழைக்கு 'பாஷோ' என்று பேர். குடிசைக்கு வாழைக் குடில் என்று பேராயிற்று. கடைசியில் கவிஞருக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. ஆமாம், ஹைக்கூ என்றதும் எல்லோரும் சொல்கிற அதே மாட்சுவோ பாஷோதான். மூஸா பாஸ்ஜூவில் இருக்கும் பாஸ்ஜூவும் அதே சொல்தான்.

அங்கேயும் அந்த வாழை பழத்துக்கு ஆகவில்லை. பாஷோ 1692-ல் இதைப் பற்றி ஒரு உரைநடை எழுதியிருக்கிறார். இந்த மரம் மரவேலைக்கும் உதவாது, பூவும் பிரமாதமில்லை, காற்றடித்தால் இலை கிழிந்துவிடும், அதனாலேயே எனக்கு இதைப் பிடிக்கிறது என்பது அதன் சாராம்சம். ஒன்றுக்கும் உதவாததால் இதைக் கோடரியும் தேடி வராதாம். ஆபீஸில் இதே தகுதியோடு ரிடையர்மென்ட் வரை பத்திரமாக இருந்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். என்ன, அவர்களைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை.

இரண்டாவது ஆள் கிறிஸ்டோபர் லாயிட். இங்கிலாந்தில் ஈஸ்ட் ஸஸ்ஸெக்ஸ் பகுதியில் கிரேட் டிக்ஸ்டர் என்ற புகழ்பெற்ற வீடும் தோட்டமும் அவருடையது. வீட்டை அவர் அப்பாவுக்காகப் பெரிதாக்கிக் கட்டிக்கொடுத்தவர் லட்யன்ஸ். டெல்லியில் ராஷ்டிரபதி பவனைக் கட்டினாரே, அதே ஆசாமி. அவர் அமைத்துக் கொடுத்த ஒரு ரோஜாத் தோட்டமும் அங்கே இருந்தது. இங்கிலாந்தில் லட்யன்ஸ் ரோஜாத் தோட்டம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற இடம்.

1993-ல் லாயிட் அந்த ரோஜாக்களைப் பிடுங்கி எறிந்தார். பல வருஷமாக ரோஜாவே போட்ட மண்ணில் புது ரோஜா தேறவில்லை. அவருக்கும் அலுத்துவிட்டது. புதிதாக வந்திருந்த தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் கேரட்டோடு சேர்ந்து அந்த இடத்தில் அவர் நட்டது வாழை, கல்வாழை, டேலியா என்று பெரும்பாலும் வெயில் தேசத்துச் சமாச்சாரங்கள். தோட்டக்கலை உலகத்துக்கே தூக்கிவாரிப் போட்டது.

அப்போது அவருக்கு வயது 72. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வயதில் நம் ஆட்கள் இருக்கிற தென்னைக்குத் தண்ணீர் விட்டாலே பெரிசு. அவர் ஒவ்வொரு நவம்பரிலும் மூடி, தோண்டி, உள்ளே எடுத்து வைத்து, ஒவ்வொரு மே மாதமும் மறுபடி வெளியே நட்டாக வேண்டிய ஒரு தோட்டத்தைத் தெரிந்தே ஆரம்பித்தார். ரோஜா என்றால் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். இது ஒரு குளிர்காலம் கவனிக்காவிட்டால் முடிந்தது கதை. 72 வயதில் ஒருவர் நவம்பரில் வைக்கோல் கட்டுகிறார் என்றால், மே மாதத்தை எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம்.

எதிர் ஸீட்டுக்காரர் கேட்ட லாபம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பழத்தில் இல்லை. மே மாதம் கட்டை அவிழ்க்க வேண்டும் என்று ஜனவரியில் ஒருத்தனுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது பாருங்கள், அதில். சம்பளத்துக்குச் செய்கிற வேலை நமக்கு எட்டு மணி நேரத்தைக் கொடுக்கிறது. இந்த மாதிரி வெட்டி வேலை அடுத்த வருஷத்தைக் கொடுக்கிறது. பாலன்ஸ் ஷீட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த புரொபஸர் யாரும் இல்லை.

லாயிட் 2006 ஜனவரியில் காலமானார். ஜனவரி என்பது வாழைகளெல்லாம் கட்டுக்குள் தூங்கும் மாதம். அவர் பதிமூன்று வருஷம் செய்த வேலையை அந்த வசந்தத்தில் கேரட்டும் மற்றவர்களும் செய்தார்கள். தோட்டம் நிற்கவில்லை.

குளோஸிங் பாலன்ஸ் என்று தனியாக ஒன்றும் கிடையாது ஸார். அடுத்தவர் ஏட்டில் அதுதான் ஓபனிங் பாலன்ஸ்.